இரண்டு கரண்டி

ஒரு கிராம் தங்க உப்பு
அரக்கு நிறக் குப்பியில், தெர்மாகோலுக்குள் உட்கார்ந்து
அபிஷேகப்பட்டி ஆய்வகத்துக்கு வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
அதே செவ்வாய்க்கிழமை
ஆவுடையக்கா டவுனில், வாகையடி முக்கில்,
நாலரைப் பவுன் சங்கிலியைக் கழற்றி
உரைக்கக் கொடுத்திருந்தாள்.
அவளுக்கும் ஒரு கையெழுத்து.

கொதிக்கிற மஞ்சள் கரைசலில்
சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்றவேண்டும், தயங்கக் கூடாது.
மஞ்சள் போய், ஒன்றுமில்லாமல் ஆகி,
கொஞ்சம் கறுத்துப் பயமுறுத்திப்
பிறகு சிவக்கும்.
நன்னாரி சர்பத் மாதிரில்லா இருக்கு என்றார்
ஜெனரேட்டர் போட வந்த வேலாயுதம்.
தங்கம்ணே, என்றேன்.
நம்பவில்லை. நியாயந்தான்.

ஒரு மூக்குத்தியை இப்படித் துணுக்காக்கினால்
கோடியைக் கோடியால் பெருக்கினாலும் மிச்சம் வரும்.
வளையமாய்ச் சுருண்ட ஜீனை அவை சூழ்ந்துகொண்டு
சப்பரத்துக்குத் தோள் கொடுப்பதுபோல் தூக்கும்.
ஜீனின் பெயர் பி ஐம்பத்து மூன்று.
பெருகிக்கொண்டே போகிற செல்லிடம்
போதும் என்று சொல்வது அதன் வேலை.
கேட்காவிட்டால்
செத்துப் போ என்று சொல்லும்.

என் தட்டில் இருப்பவற்றுக்கு அந்தச் சொல் கிடையாது.
எட்டு வயதுப் பையன் ஒருவனின் ஈரலில் பிறந்தவை,
நான் பிறப்பதற்கும் முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம்.
அவன் என்ன ஆனான் என்று
நான் படித்த எதிலும் இல்லை.
ஈரல் மட்டும் இன்னும் பெருகுகிறது,
பேட்டைக்கு மேற்கே, முப்பத்தேழு டிகிரியில்,
வாரம் இருமுறை நான் ஊட்ட ஊட்ட.

அத்தான், சிவனணைந்த பெருமாள்,
இந்தத் தடத்தில் மினிபஸ் ஓட்டியவர்.
இலைக்குக் குறுக்கே அவர் கை நீண்டு பார்த்ததில்லை நான்.
அக்காவின் கரண்டிதான் களைக்கும்.
காமாலை என்று கீழாநெல்லி அரைத்ததில்
இரண்டு மாதம் போனது.
இப்போது ஐகிரவுண்டில், நாலாம் மாடியில்,
கஞ்சி இரண்டு கரண்டி.
போதும் என்கிறார்.
உள்ளே ஒன்று அந்தச் சொல்லைச் சொல்லாமல் வளர்ந்து
இவர் வாயில் அதைத் திணித்திருக்கிறது.

"ஏட்டி, நீ செய்யுத மருந்துக்கு
எத்தன பவுன் ஆகும்?
வளையல் ரெண்டு கெடக்கு, பாத்துக்கோ."
மருந்து இல்லக்கா. இப்போ தட்டுல இருக்க செல்லுக்கு.
அப்புறம் எலிக்கு.
அப்புறம்
என்று நான் இழுத்தபோது
அவள் விரல்விட்டு வருஷம் எண்ணத் தொடங்கியிருந்தாள்.
நிறுத்திக்கொண்டேன்.
அடகு ரசீதில் கெடுத் தேதி இருக்கிறது.
என் நோட்டில் இல்லை.

வியாழக்கிழமை, பூச்சு சரியாக ஏறாத ஒரு குடுவை
உப்புநீர் பட்டதும் துணுக்கோடு துணுக்கு ஒட்டி
நீலமாகிப் போயிற்று.
ரத்தமும் உப்புத்தான்.
அங்கே இப்படி நீலமானால்
தங்கமும் வீண், ஏற்றிய சொல்லும் வீண்.
கழிவுக் கேனில் ஊற்றும்போது
இன்றைய பவுன் விலையில் இது எவ்வளவு என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
மறுபடி தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

சனி இரவு. பத்தொன்பதாம் தட்டு.
சாயம் ஏறி நீலமானவை செத்தவை;
இங்கே மட்டும் நீலம் நல்ல நிறம்.
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
கண்ணைத் துடைத்துவிட்டு எண்ணினேன், முப்பத்தொன்பது.
ஜீன் இல்லாமல் தங்கம் மட்டும் போன தட்டில் ஆறு.
எழுந்து போய் யாரிடமாவது சொல்லலாம்.
யாரும் இல்லை, வேலாயுதமும் தூங்கிவிட்டார்.
அறுபதுக்கு இன்னும் காது கேட்கவில்லை
என்பதும் அதே எண்தான்.

பத்தரைக்கு அக்கா கூப்பிட்டாள்.
"இன்னைக்கு மூணு கரண்டி குடிச்சாருட்டி."
நோட்டின் ஓரத்தில், பென்சிலால்,
அதையும் எழுதிவைத்தேன்:
மூன்று.
ஒப்பிட்டுப் பார்க்க
வேறு தட்டு இல்லாத எண்.